கடலில் விடப்பட்ட பிரஜைகள்

தாய்நாட்டை விட்டு ஒருவன் வெளியேறுவது புதிய சங்கதியன்று. பிழைப்பைத் தேடிப் போகிறவர் உண்டு. வியாபாரத்திற்கும் படிப்பிற்குமாகப் போகிறவர் உண்டு. அவர்களெல்லாம் பெட்டி படுக்கையுடன், உற்றாரும் உறவினரும் துறைமுகம் வரை வந்து வழியனுப்பப் போகிறார்கள். திரும்பி வரும் நாளும் அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில், விளக்கை அணைத்துவிட்டு, அழும் குழந்தைக்குத் தூக்க மருந்தைப் புகட்டி வாயடக்கி, ஆற்றுக்கென்று செய்த சிறு படகில் ஏறி நடுக்கடலை நோக்கிப் போகிறவன் எதற்காகப் போகிறான்? கடல் தன்னைக் கொல்லக்கூடும் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் போகிறானென்றால், தான் பிறந்த கரையைக் காட்டிலும் கடலே மேல் என்று அவன் தீர்மானித்துவிட்டான் என்பதே பொருள். இந்தத் தீர்மானத்தை நாம் லேசாக எண்ணிவிடலாகாது.

இன்றும் வங்கக் கடலிலும், அந்தமான் கடலிலும், மத்தியதரைக் கடலிலும் இத்தகைய படகுகள் மிதக்கின்றன. ஒவ்வொரு படகு வந்து நிற்கும்போதும், முன்பின் கண்டறியாத அதிசயம் ஏதோ நேர்ந்துவிட்டது போலச் சர்க்கார்கள் திகைக்கின்றன. இது அதிசயமன்று. இதே கேள்வி முன்னரே உலகத்தின்முன் வந்தது. உலகம் முதலில் தவறான விடை சொல்லி, பின்னர் ஒருவாறு சரியான விடையும் சொன்னது. 1975-ம் வருஷம் முதல் ஏறக்குறைய இருபது வருஷ காலம் வியட்நாம் தேசத்து ஜனங்கள் படகேறி ஓடிய கதையைத்தான் நாம் குறிப்பிடுகிறோம். அதை இன்று நினைவூட்டுவது நம் கடமையென்று கருதுகிறோம்.

வியட்நாம் நமக்கு அந்நியமான நாடன்று. தமிழ் வணிகர்கள் சைகோன் நகரத்தில் கடை வைத்து வாழ்ந்தார்கள். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்து அந்நாட்டார் நடத்திய போராட்டத்தை நம்மவர் தம் போராட்டத்தின் உடன்பிறப்பாகவே எண்ணினர். ஹோ சி மின் 1958-ம் வருஷத்தில் இந்தியாவுக்கு விஜயம் செய்தபோது அவரை ஒரு சகோதர தேசத்தின் தலைவராகவே நம் ஜனங்கள் வரவேற்றார்கள். 1975-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி சைகோன் வீழ்ந்து, அந்நியப் படைகளின் தலையீடு அடியோடு ஒழிந்தபோது, ஆசியாவில் சுதந்திரத்தை விரும்பியவர்களில் மகிழாதவர் சிலரே. ஆதலின், அதற்குப் பின் நடந்ததைக் கூறுவது நமக்கு மனவருத்தத்தைத் தருவதாகும். எனினும், நண்பன் செய்த பிழையை மறைப்பவன் உண்மை நண்பனாகான்.

நடந்தது யாது? பழைய ஆட்சியில் உத்தியோகம் வகித்தோரும், பட்டாளத்தில் இருந்தோரும், ஆசிரியர், எழுத்தாளர் பலரும் 'மறுபோதனை முகாம்' என்ற பெயருடைய சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணையுமில்லை, தண்டனைக்கு வரையறையுமில்லை. சிலர் பத்து வருஷங்களுக்கு மேலும் அங்கே கிடந்தனர். நகரவாசிகள் காட்டையும் தரிசையும் திருத்துமாறு 'புதிய பொருளாதாரப் பிரதேசங்கள்' என்பவற்றுக்குக் குடும்பத்துடன் பெயர்க்கப்பட்டனர். 1978-ம் வருஷம் மார்ச் மாதத்தில் தனியார் வியாபாரம் ஒரே உத்தரவில் ஒழிக்கப்பட்டது. சைகோனின் வியாபாரப் பகுதியாகிய சோலோனில் கடை கடையாகச் சோதனை நடந்தது. அந்தக் கடைகளில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த சீன வம்சத்தாருடையவை. அதே வேளையில் வியட்நாமுக்கும் சீனாவுக்கும் பகைமை மூண்டது. 1979-ம் வருஷம் பிப்ரவரியில் சீனா படையெடுத்தது. இரு சர்க்கார்களின் சண்டையில் நடுவே அகப்பட்டவர்கள் இந்தச் சீன வம்சத்தார். வடக்கிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து சீனாவுக்குப் போயினர். தெற்கிலிருந்தோர் கடலுக்குப் போயினர். ஓடுவதைத் தடுக்க வேண்டிய அதிகாரிகளே ஆளுக்கு இவ்வளவு தங்கமென்று வாங்கிக்கொண்டு படகேற்றிவிட்டதும் உண்டு.

முப்பது வருஷ யுத்தம் அந்நாட்டைப் பாழாக்கியிருந்தது மெய். குண்டு வீச்சினால் வயல் அழிந்ததும், அமெரிக்கா வியாபாரத்தை மறித்ததும், வெள்ளமும் பஞ்சமும் வந்ததும் மெய். அந்தப் பசிக்கு அந்நிய வல்லரசுகளும் உத்தரவாதிகளே. ஆனால் பசித்தவன் மாத்திரம் ஓடவில்லை, பயந்தவனும் ஓடினான். வெளியாருடன் யுத்தம் ஓய்ந்த பிறகு தோற்ற சகோதரனைப் பகைவனாகவே வைத்துக்கொண்டிருப்பதற்கும், ஒரு வம்சத்தில் பிறந்த குற்றத்திற்காகக் குடிமக்களைச் சந்தேகிப்பதற்கும் எந்த வல்லரசின்மீதும் பழி போட முடியாது.

தேச விடுதலைக்காக உழைக்கும் நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவேயாகும். கொடியை ஏற்றிவிட்டால் சுதந்திரம் முடிவு பெற்றதென்று எண்ணுகிறோம். அப்படியன்று. அந்நியனை வெளியேற்றுவது சுதந்திரத்தின் முற்பாதி. மாற்று அபிப்பிராயம் உடையவனும், வேறு மொழி பேசுகிறவனும், வேறு தெய்வத்தை வணங்குகிறவனும், 'இது என் வீடு' என்று அச்சமின்றிக் கதவைத் திறந்து வைத்துத் தூங்க முடிவதே பிற்பாதி. முற்பாதியில் இணையற்ற தீரத்தைக் காட்டிய ஒரு தேசம் பிற்பாதியில் இடறிற்று.

இனி, கடலில் அவர்கள் பட்டதைச் சொல்லுவோம். மேகோங் நதியின் கழிமுகத்தில் ஓடும் மரப்படகுகள் அலைகடலுக்கு உரியவையல்ல. இருபது பேர் ஏறவேண்டிய படகில் நூறு பேர் ஏறினர். இயந்திரம் நின்றுபோனால் காற்று தள்ளிய வழி. குடிநீர் தீர்ந்தால் விதி விட்ட வழி. பெரிய சரக்குக் கப்பல்கள் அவ்வழியே போய்க்கொண்டுதான் இருந்தன. கடலில் அபாயத்திலிருப்போரைக் காப்பாற்றுவது மாலுமியின் தொன்றுதொட்ட தர்மம். சர்வதேசச் சட்டமும் அதுவே. எனினும், ஏற்றிக்கொண்டவர்களை இறக்கிவிட எந்தத் துறைமுகமும் இடந்தராவிட்டால் கப்பல் நாட்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். முதலாளிக்கு நஷ்டம், மாலுமிக்குத் தொல்லை. ஆதலால் பல கப்பல்கள் கண்டும் காணாதவை போல் விலகிச் சென்றன.

கொள்ளைக்காரரோ விலகிச் செல்லவில்லை. முன்னாளில் சயாம் வளைகுடா என்று வழங்கிய தாய்லாந்து வளைகுடாவில் அவர்கள் செய்த கொடுமையை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அகதிகள் கமிஷனர் காரியாலயம் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. 1981-ம் வருஷத்தில் தாய்லாந்துக் கரையை வந்தடைந்த படகுகள் 452. அவற்றில் இருந்தோர் 15,479 பேர். அந்த 452 படகுகளில் 349 படகுகள் தாக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சராசரி மூன்று தடவை தாக்கப்பட்டது. மானபங்கப்படுத்தப்பட்ட ஸ்திரீகள் 578. தூக்கிச் செல்லப்பட்டோர் 228. மாண்டோரும் காணாமற் போனோரும் 881. இது ஒரே வருஷத்துக் கணக்கு. அதுவும் கரை சேர்ந்தவர் வாயால் சொல்லக் கேட்ட கணக்கு. கரை சேராத படகுக்குக் கணக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கரை சேர்ந்தவர்களுக்கேனும் நிம்மதி உண்டாயிற்றா? மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் பிடோங் என்றொரு சிறு தீவு உண்டு. 4,500 பேருக்கென்று 1978-ம் வருஷம் ஆகஸ்டில் அங்கே முகாம் திறந்தார்கள். மறு வருஷம் ஜூன் மாதத்தில் அங்கே நாற்பதினாயிரம் பேர் நெருக்குண்டு கிடந்தனர். 1978-ம் வருஷம் நவம்பரில் 'ஹாய் ஹாங்' என்ற பழங்கப்பல் சுமார் 2,500 பேருடன் கிளாங் துறைமுகத்துக்கு வந்தது. ஒருவரையும் இறங்கவிடவில்லை. பின்னர் கனடா, ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய தேசங்கள் பங்கு போட்டு ஏற்றுக்கொண்ட பிறகே அவர்களுக்கு விடிவு பிறந்தது. 1979-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மாத்திரம் 54,000 பேர் படகுகளில் வந்து சேர்ந்தனர். அந்த மாத முடிவில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் ஆகிய ஐந்து தேசங்களும் தங்கள் சகிப்பின் எல்லை வந்துவிட்டதென்றும், இனிப் புதிதாக வருவோரை ஏற்பதில்லையென்றும் அறிவித்தன. வந்த படகுகளைக் கயிறு கட்டி இழுத்து மீண்டும் நடுக்கடலில் விட்டார்கள்.

இந்தத் தேசங்களைத் தூற்றிவிட்டுப் போவது எளிது. ஆனால் நியாயத்தை யோசிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை தாமே அடிமைத்தளையிலிருந்து சமீபத்தில் விடுபட்ட தேசங்கள். படகு வந்து ஒதுங்கிய கரையிலிருந்த மீனவன் லட்சாதிபதியல்லன். திடீரென்று ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கினால் அவன் வாங்கும் அரிசியும் மீனும் விலையேறிற்று. மலேசியாவிலோ மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையிலிருந்த மனத்தாங்கல் 1969-ம் வருஷத்துக் கலகத்தில் இரத்தம் சிந்தி இன்னும் ஆறாதிருந்தது. யுத்தத்தை நடத்தியவர்கள் தூரத்தில் இருந்தார்கள். அதன் விளைவு அண்டை வீட்டார் வாசலில் வந்து விழுந்தது. 'எங்களை மாத்திரம் கருணை காட்டச் சொல்லுகிறீர்களே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று அவர்கள் மேல்நாட்டாரைக் கேட்டது நியாயமான கேள்வி.

அக்கேள்விக்கு உலகம் விடை சொல்லிற்று. 1979-ம் வருஷம் ஜூலை மாதம் 20, 21 தேதிகளில் ஜினீவா நகரத்தில் ஒரு மகாநாடு கூடிற்று. அறுபத்தைந்து சர்க்கார்களின் பிரதிநிதிகள் வந்தனர். தூர தேசங்கள் 1,25,000 பேருக்கு இடந்தருவதாகச் சொல்லியிருந்தது மாறி, 2,60,000 பேருக்கு இடந்தருவதாக வாக்களித்தன. அண்டைத் தேசங்கள், வருவோர் தங்கள் கரையில் தற்காலிகமாகத் தங்கியிருக்க உடன்பட்டன. வியட்நாம் சர்க்கார், கள்ளப் படகுகளைத் தடுப்பதுடன், போக விரும்புவோரை ஒழுங்காகவும் பத்திரமாகவும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு இணங்கிற்று. இதன் பயனாக, அடுத்த மூன்று வருஷங்களில் இருபதுக்கு மேற்பட்ட தேசங்கள் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளின் அகதிகளுமாக ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவரைக் குடியேற்றின. கப்பல் மாலுமிகளின் தயக்கமும் ஓரளவு நீங்கிற்று. எந்தக் கப்பல் காப்பாற்றினாலும் அவர்களுக்கு நாங்கள் இடந்தருகிறோமென்று சில தேசங்கள் முன்கூட்டியே உறுதி கூறின. கருணையைப் பற்றி மாலுமிக்குப் பிரசங்கம் செய்வதைவிட, அவன் நஷ்டப்படாமலிருக்க வழி செய்தது அதிக உயிர்களைக் காப்பாற்றிற்று.

சர்க்கார்கள் மாத்திரம் இதைச் செய்துவிடவில்லை. சாதாரண ஜனங்களே சர்க்கார்களைத் தூண்டினார்கள். ஜெர்மனியில் ரூபர்ட் நாய்டெக் என்ற பத்திரிகைக்காரர், மனைவியுடனும் நண்பர்களுடனும் பொதுஜனங்களிடம் பணம் திரட்டி, 'காப் அனமூர்' என்ற கப்பலை அமர்த்தித் தென் சீனக் கடலுக்கு அனுப்பினார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அதனால் பிழைத்தன. கனடாவில் ஐந்து பேர் ஒன்று கூடினால் ஓர் அகதிக் குடும்பத்தை ஒரு வருஷ காலம் தாங்கும் பொறுப்பை ஏற்கலாமென்று விதி செய்தார்கள். அண்டை வீட்டாரும், மாதாகோயில் சபையாரும், தொழிற்சாலை நண்பர்களும் கூடிக் கூடிப் பொறுப்பேற்றனர். 1979, 1980 ஆகிய இரு வருஷங்களில் அங்கே போய்ச் சேர்ந்த அறுபதினாயிரம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு ஜனங்களாலேயே அழைக்கப்பட்டவர்கள். 1986-ம் வருஷத்தில் அகதிகளுக்கு ஊழியம் புரிந்தோர்க்குரிய நான்ஸன் பதக்கம், தனி மனிதர் எவருக்குமின்றி, கனடா தேசத்து ஜனங்கள் அனைவருக்குமாக அளிக்கப்பட்டது. இஃதன்றோ ஒரு தேசம் பெருமைப்படத்தக்க வெற்றி!

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லையென்று நாம் கூறவரவில்லை. எந்த மனிதனும் தன் தேசத்தை விட்டு வெளியேறவும் திரும்பி வரவும் உரிமையுடையவன் என்று 1948-ம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தின் பதின்மூன்றாவது விதி சொல்லுகிறது. படகுகளைத் தடுக்குமாறு வியட்நாமைக் கேட்டபோது, அவ்வுரிமையையே உலகம் ஒரு கையால் பறித்தது. ஒழுங்காக அனுப்பும் ஏற்பாட்டின் மூலம் மறு கையால் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வழியே வருஷங்கள் பல சென்று ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் பகலில், பயமின்றி, விமானமேறிப் போயினர் என்பதே அதற்குரிய சமாதானம். 1989-ம் வருஷத்துக்குப் பின் உலகத்தின் மனம் சோர்ந்தது. புதிதாக வந்தோரை விசாரித்து, உண்மையான அச்சத்தினால் வந்தவர், பிழைப்புக்காக வந்தவர் என்று பிரித்து, லட்சம் பேர் வரையில் திருப்பி அனுப்பினார்கள். ஹாங்காங்கின் கம்பி வேலிக்குள் வருஷக்கணக்கில் வளர்ந்த குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். எனினும், மொத்தத்தில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் படகுகளில் கரை சேர்ந்து, அவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கேயோ ஓரிடத்தில் வேர் விட்டனர் என்பதை மறுக்கவியலாது.

இவற்றால் விளங்குவது யாது? நடுக்கடலில் நிற்கும் படகு மூன்று பேரை நோக்கிக் கேள்வி கேட்கிறது. 'என்னை ஏன் துரத்தினாய்?' என்று தாய்நாட்டைக் கேட்கிறது. 'என்னை ஏன் தள்ளுகிறாய்?' என்று அண்டைக் கரையைக் கேட்கிறது. 'நீ ஏன் பேசாதிருக்கிறாய்?' என்று தூர தேசத்தைக் கேட்கிறது. மூவரும் சேர்ந்து விடையளித்தபோது படகு கரை சேர்ந்தது. ஒருவர் மற்றவர்மீது பழி போட்டு ஒதுங்கியபோது கடலே விடையளித்தது. கரையை அடைத்தால் படகு நின்றுவிடும் என்பது வீண் பிரமை. படகு நிற்பதில்லை, மூழ்குகிறது.

இந்தப் பாடத்தை உலகம் மறந்துவிட்டது என்பதற்கு 2015-ம் வருஷம் மே மாதமே சாட்சி. பர்மாவிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியர்களும் வங்காளிகளும் நிறைந்த படகுகளைத் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒன்று மாற்றி ஒன்று தள்ளிவிட்டன. அச்சே நாட்டு மீனவர்களே பலரைக் கரையேற்றினர். பர்மாவும் தீரத்துடன் போராடி அந்நிய ஆதிக்கத்தை ஒழித்த தேசந்தான். தன் மண்ணில் பிறந்த ஒரு கூட்டத்தாரைப் பிரஜைகளல்லர் என்று விலக்கியதனால் அதுவும் வியட்நாம் இடறிய இடத்திலேயே, அதனினும் கொடுமையாக, இடறிற்று.

பிறரைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறப்பது நேர்மையாகாது. 1983-ம் வருஷத்து ஜூலைக் கலகத்திற்குப் பின், தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறிப் பாக்கு நீரிணையைக் கடந்து, தனுஷ்கோடியின் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, இடுப்பளவு நீரில் குழந்தையைத் தோளில் ஏந்தி வந்தவர்களை நாம் அறிவோம். காலப்போக்கில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். தமிழ்நாடு அவர்களைக் கடலுக்குத் தள்ளவில்லை, மண்டபத்தில் இடந்தந்தது, அரிசியும் உதவித்தொகையும் தந்தது, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது. இதற்காக நாம் மகிழலாம். ஆனால் திருப்தியடையலாகாது. 1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் நம் தேசம் கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் செய்துகொள்ளவில்லை. முகாமிலே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களிலும் பலர் இன்னும் எந்தத் தேசத்தின் பிரஜைகள் என்று சொல்லத் தெரியாமலிருக்கிறார்கள். 2021-ம் வருஷத்தில் 'அகதி முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. பெயரை மாற்றியது நன்றே. பெயருக்கேற்ற வாழ்வும் வரவேண்டாமா? இரக்கம் ஒரு மந்திரியின் மனநிலையைப் பொறுத்து வரும், போகும். சட்டமோ உரிமையைத் தரும். கரையேற்றியவன் வேலையில் பாதியையே செய்தவனாவான். கரையேறியவனுக்கு, 'இனி இது உன் ஊர்' என்றோ, 'நீ விரும்பினால் மானத்துடன் உன் ஊருக்குத் திரும்ப வழி செய்கிறோம்' என்றோ சொல்லும்வரை மற்றப் பாதி நிலுவையிலேயே நிற்கிறது.

தேசபக்தி என்பது எல்லைக்கோட்டின்மீது கொண்ட மோகமன்று; அக்கோட்டிற்குள் வாழும் மனிதர்மீது கொண்ட அன்பு. அந்த அன்பு மெய்யானதாயின், கோட்டிற்கு வெளியே நீரில் தத்தளிப்பவனைக் கண்டு அது கல்லாகிவிடாது. தன் பிரஜைகளில் ஒருவனும் இரவில் படகைத் தேடி ஓடாதபடி ஆளுவதும், பிறர் நாட்டிலிருந்து ஓடிவந்தவனைப் பகலில் கரையேற்றி ஒரு முடிவு சொல்லுவதுமே சுதந்திர தேசத்திற்கு அடையாளம். அந்த அடையாளம் நம்மிடம் பூரணமாக உண்டா என்று அன்பர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக. இல்லையென்று தோன்றினால், சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் அதைக் கேட்பிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையதே.